அறைகூவல் விட்டவன் அருகில் நிற்க வேண்டும்



ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பி தங்கைகள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று பலவாறு யோசித்தேன். வேலை வாய்ப்பு, மேற்படிப்பு, மொழிப்பற்று ஆகியவற்றைப் பற்றி என்னைவிடத் தகுதியானவர்கள் எழுதுவார்கள். எனவே, பல்கலைக்கழக விடுதியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் கற்ற ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது ஒரு விளையாட்டின் ஒரே ஒரு விதி. அந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு நண்பனின் மனத்தை நோகடித்தேன். சரியாகப் புரிந்துகொண்ட பிறகு அது எனக்கு வேறு பலவற்றையும் விளக்கியது.

விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. விதியின் பெயர் அறைகூவல். அதாவது, போர்க்களத்தில் ஒரு வீரன் எதிரியைப் பார்த்து, “மற்றவர்களை விடு, என்னோடு மோது” என்று அழைக்கும் திறன்.

விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள்

இதுவரை ஆடாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இவ்விளையாட்டை வெளியிட்டனர். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து இது பிறந்தது. அங்கே ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இங்கே ஒருவர் ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் நடத்துகிறார். ஒருவர் வீரன், இன்னொருவர் மந்திரவாதி, மற்றொருவர் வைத்தியம் தெரிந்த பூசாரி. குழுவில் ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருப்பார். கதையைச் சொல்வதும், எதிரிகள் அனைவரையும் இயக்குவதும் அவர் பொறுப்பு.

தாக்குதலின் கணக்கு எளிமையானது. இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு தாக்குபவரின் தாக்கு எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழும், குறைந்தால் தவறும். அடி விழுந்தால் வேறொரு பகடையை உருட்டி, எத்தனை உயிர்ப் புள்ளிகள் போயின என்று கணக்கிடுவார்கள். இவ்வளவு தெரிந்தால் இக்கட்டுரைக்குப் போதும்.

கவசம் அணிந்த வீரனை அடிப்பது கடினம். அங்கி மட்டும் அணிந்த மந்திரவாதியை அடிப்பது எளிது. ஆனால், மந்திரவாதியால்தான் எதிரிக்குப் பேரிழப்பு. அப்படியானால், அறிவுள்ள எதிரி யாரை முதலில் அடிப்பான்? மந்திரவாதியைத்தான். வீரனைச் சுற்றிக்கொண்டு போனால் போதும். கவசமும் கேடயமும் சுமந்து முன்னே நிற்கும் வீரனால் பிறகு என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் அறைகூவல் விதி.

கணினி விளையாட்டுகளில் இதற்கு எளிய வழி உண்டு. 1999இல் வந்த எவர்குவெஸ்ட், 2004இல் வந்த வேர்ல்டு ஆப் வார்கிராப்ட் போன்ற இணைய விளையாட்டுகளில் வீரன் ஒரு பொத்தானை அழுத்தினால் அரக்கன் அவன் பக்கம் திரும்பிவிடும். அங்கே அரக்கனை இயக்குவது ஒரு நிரல். நிரலுக்கு மானமும் இல்லை, தந்திரமும் இல்லை. மேசை விளையாட்டில் அரக்கனை இயக்குவது ஒரு மனிதர். அவருடைய தேர்வைப் பறித்துவிட்டால் ஆட்டத்தில் சுவை இராது. பறிக்காவிட்டால் மந்திரவாதிக்குக் காவல் இராது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேட வேண்டியிருந்தது.

நான் செய்த தவறு

இவ்விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. நான் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் குழுவில் ஐவர். நடத்துநர், கணிதம் படித்த மூத்த மாணவி ஒருவர். எங்கள் அனைவருக்கும் அக்கா. என் பக்கத்து அறையில் இருந்த முதலாமாண்டு மாணவன் மந்திரவாதி. அதிகம் பேசாதவன். கழகக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுக் கூட்டம் முடிந்ததும் போய்விடுவான். ஆட்ட மேசையில் மட்டும் மந்திரவாதியின் குரலில் நீளமாகப் பேசுவான். நான் வீரன்.

வீரனின் அறைகூவலை நான் இப்படிப் புரிந்துகொண்டிருந்தேன். எதிரியை ஒருமுறை தாக்கினால் அவன்மேல் என் முத்திரை விழும். அதன் பிறகு அவன் எனக்குக் கட்டுப்பட்டவன். முத்திரை விழுந்த எதிரியின் பக்கத்தில் நான் ஒரு சிவப்பு மூடியை வைப்பேன். அது கனிம நீர் போத்தல் மூடி.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாழடைந்த கோட்டைக்குள் ஒரு பூதத்தோடு சண்டை. நான் பூதத்தைத் தாக்கினேன், மூடியை வைத்தேன். மந்திரவாதி எனக்கு மூன்று கட்டம் பின்னால் நின்றான். அவனிடம் மிகச் சில உயிர்ப் புள்ளிகளே இருந்தன. அடுத்த முறை வந்தபோது, காயம்பட்ட கோப்ளின் ஒன்று வில்லோடு வாசல் பக்கம் ஓடுவதைக் கண்டேன். அதைத் துரத்திக்கொண்டு போனேன்.

“நிச்சயமா, தம்பி?” என்றார் அக்கா.

“பூதத்து மேலதான் முத்திரை இருக்கே, அக்கா” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூதத்தின் முறை வந்தது. அது திரும்பி நடந்து மந்திரவாதியை அடித்தது. அவன் விழுந்தான். எங்கள் பூசாரி தொலைவில் மாட்டிக்கொண்டிருந்தார். விழுந்தவன் ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும். பத்துக்குக் கீழே மூன்று முறை விழுந்தால் மரணம். மூன்று முறையும் கீழேதான் விழுந்தது.

நான் விதிநூலைப் பிடுங்கிப் பார்த்தேன். வீரனின் முத்திரை, அவனுடைய அடுத்த முறை முடியும் வரை மட்டுமே நிலைக்கும் என்று அச்சாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் நான் பூதத்தை மீண்டும் தாக்கியிருக்க வேண்டும். நானோ கோப்ளினைத் தாக்கினேன். என் முறை முடிந்த கணமே பூதத்தின்மேல் இருந்த முத்திரை அழிந்துவிட்டது. அந்தச் சிவப்பு மூடி வெறும் பிளாஸ்டிக்காக மேசையில் கிடந்தது.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் என் நண்பன் ஆட வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் அறைக் கதவைத் தட்டினேன். புதிய பாத்திரம் உருவாக்கலாம், அக்கா உதவி செய்வார் என்றெல்லாம் பேசினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு ஓடுறதுக்கு ஒரு முறை இருந்துச்சு. நீ முன்னாடி நிக்கிறேன்னு நெனச்சுதான் நகரல.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் அறைகூவல் விதியை முதல் வரியிலிருந்து படித்தேன்.

வீரனின் அறைகூவல்

நான்காம் பதிப்பில் வீரனின் திறன் இரண்டு பகுதிகளைக் கொண்டது.

முதல் பகுதி முத்திரை. வீரன் ஓர் எதிரியைத் தாக்கும்போதெல்லாம், அடி விழுந்தாலும் தவறினாலும், அவன்மேல் முத்திரை இடலாம். முத்திரை உள்ள எதிரி, வீரனை உட்படுத்தாமல் வேறு யாரையாவது தாக்கினால், அவன் தாக்குதலில் 2 குறையும்.

இரண்டாம் பகுதி தண்டனை. முத்திரை உள்ள எதிரி வீரனுக்கு அடுத்த கட்டத்தில் நிற்கும்போது, வீரனை விட்டுவிட்டு வேறொருவரைத் தாக்கினாலோ, ஒரு கட்டம் மெதுவாக நழுவ முயன்றாலோ, வீரன் குறுக்கிட்டு ஓர் அடி கொடுக்கலாம். குறுக்கீடு என்பதால் வீரனின் அடியே முதலில் விழும். அந்த அடியில் எதிரி இறந்துவிட்டால் அவன் ஓங்கிய அடி நடக்கவே நடக்காது.

இத்தகைய குறுக்கீடு ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். இரண்டு எதிரிகள்மேல் முத்திரை இருந்து, இருவருமே வீரனை விட்டு மந்திரவாதியைத் தாக்கினால், ஒருவனைத்தான் தண்டிக்க முடியும்.

கணக்கு என்ன சொல்கிறது?

முத்திரையால் எதிரியின் தாக்குதல் 2 குறைகிறது என்றதும், மந்திரவாதிக்கு அதுவே பெரிய காவல் என்று தோன்றும். அக்கா ஒரு பழைய தேர்வுத் தாளின் பின்புறத்தில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதே முறையில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பூதத்தின் தாக்கு எண் 6. வீரனின் கவச எண் 19. மந்திரவாதியின் கவச எண் 14. பூதத்தின் அடி சராசரியாக 7.5 உயிர்ப் புள்ளிகளைக் குறைக்கும் என்று கொள்வோம்.

வீரனை அடிக்கப் பூதத்திற்குப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் எட்டு அதற்கு உதவும். வாய்ப்பு 40 விழுக்காடு. சராசரி இழப்பு 3 புள்ளிகள்.

மந்திரவாதியை அடிக்க 8 விழுந்தால் போதும். வாய்ப்பு 65 விழுக்காடு. சராசரி இழப்பு ஏறத்தாழ 4.9.

முத்திரை விழுந்த பிறகு மந்திரவாதியை அடிக்க 10 வேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. சராசரி இழப்பு ஏறத்தாழ 4.1.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முத்திரை விழுந்த பிறகும் பூதத்திற்கு மந்திரவாதியை அடிப்பதே இலாபம்! வீரனை அடித்தால் 3. மந்திரவாதியை அடித்தால் 4.1. ஆக, முத்திரை மட்டும் யாரையும் காப்பாற்றாது. தூரத்தில் நின்றுகொண்டு முத்திரை இடும் வீரன், மந்திரவாதிக்குச் சிறிய தள்ளுபடி வாங்கிக் கொடுக்கிறான், அவ்வளவே.

இப்போது தண்டனையைச் சேர்த்துக்கொள்வோம். வீரன் அடுத்த கட்டத்தில் நிற்கிறான். அவன் தாக்கு எண் 7, பூதத்தின் கவச எண் 16 எனில், 9 விழுந்தால் அடி விழும். வாய்ப்பு 60 விழுக்காடு. அவன் அடி சராசரியாக 8.5 என்றால், ஒவ்வொரு குறுக்கீட்டிலும் பூதம் சராசரியாக 5.1 புள்ளிகளை இழக்கும். அதாவது, மந்திரவாதியைத் தேர்ந்தெடுப்பதால் பூதம் கூடுதலாகப் பெறுவது 1.1; அதற்காகக் கொடுப்பது 5.1. கணக்குத் தெரிந்த பூதம் வீரனையே அடிக்கும்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். அறைகூவல் எதிரியைக் கட்டிப் போடுவதில்லை. எதிரியின் தேர்வுக்கு ஒரு விலை வைக்கிறது. அந்த விலையை வசூலிக்க வீரன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

விலை கொடுக்க எதிரி முன்வரும் நேரமும் உண்டு. மந்திரவாதிக்கு நான்கே புள்ளிகள் எஞ்சியிருந்தால், 5 புள்ளிகளை இழந்தாவது அவனை வீழ்த்துவது எதிரிக்கு இலாபமாகலாம். எனவே, காக்கப்படுபவனும் ‘வீரன் இருக்கிறான்’ என்று அப்படியே நின்றுவிடக் கூடாது. அதே நேரத்தில், எதிரிக்கு விலை தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரு திறன் தன்மேல் விழுந்தால், தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பாத்திரம் முழுமையாக அறியும் என்று நான்காம் பதிப்பின் விதிநூல் தெளிவாகக் கூறுகிறது. நடத்துநர், “பூதத்திற்கு இது தெரியாது” என்று சொல்லிவிட்டு மந்திரவாதியை அடிப்பது நேர்மையாகாது.

அறப்போர் வீரனின் அறைகூவல்

அதே பதிப்பில் பாலடின் என்னும் அறப்போர் வீரனுக்கு வேறு வகை அறைகூவல் உண்டு. அவன் வாள் வீச வேண்டியதில்லை. ஐந்து கட்டத் தொலைவுக்குள் இருக்கும் ஓர் எதிரியை அழைத்தால் போதும், முத்திரை விழும். அந்த எதிரி பாலடினை விட்டு வேறொருவரைத் தாக்கினால், சுற்றுக்கு ஒருமுறை தெய்வ ஒளி அவனைச் சுடும். தொடக்க நிலையில் அதன் அளவு 3 புள்ளிகளோடு பாலடினின் ஆளுமை எண்ணும் சேர்ந்தது. பகடை உருட்ட வேண்டியதே இல்லை, அடி தவறாது.

வீரனின் திறனைவிட இது எளிது என்று தோன்றுகிறதல்லவா? அழைத்துவிட்டுத் தூணின் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே! வடிவமைப்பாளர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பாலடின் ஒவ்வொரு முறையிலும், தான் அழைத்த எதிரியைத் தாக்க வேண்டும், அல்லது அவனுக்கு அடுத்த கட்டத்தில் தன் முறையை முடிக்க வேண்டும், அல்லது வேறோர் எதிரியை அழைக்க வேண்டும். எதையும் செய்யாவிட்டால் முத்திரை அழியும். அதோடு, அடுத்த முறையில் அவன் யாரையும் அழைக்கவும் முடியாது. சொல்லிவிட்டு நிற்காதவனின் சொல்லுக்கு ஒரு சுற்றுக்கு மதிப்பில்லை.

வீரனும் பாலடினும் ஒரே குழுவில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஓர் எதிரியின்மேல் ஒரு முத்திரைதான் நிற்கும். புதியது வந்தால் பழையது அழியும். இருவரும் ஒரே பூதத்தை அழைத்தால் ஒருவர் முயற்சி வீணாகும். ஆகவே, யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

மற்றப் பதிப்புகளில்

நான்காம் பதிப்புக்கு முன்பே, 2006இல் வெளிவந்த இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் நைட் என்னும் வகுப்பு இடம்பெற்றது. அவனுடைய அறைகூவல்களில் ஒன்று, மன உறுதிச் சோதனையில் தோற்ற எதிரிகளைத் தன்னையே தாக்கும்படி செய்யும். இது விலை அன்று, கட்டாயம். ஆனால், அறிவு எண் 5க்குக் குறையாமலும் ஏதேனும் ஒரு மொழி தெரிந்தும் இருக்கும் எதிரியிடமே அது செல்லும். சொல்லைப் புரிந்துகொள்ளாதவனிடம் அறைகூவல் விட முடியாது என்பது எவ்வளவு பொருத்தம்! நைட்டுக்கும் ஒரு நெறிமுறை இருந்தது. ஆயத்தமில்லாத எதிரியைத் தாக்குவது போன்ற இழிசெயலில் இறங்கினால், அன்றைய அறைகூவல் வாய்ப்புகளில் ஒன்றை இழப்பான்.

பாத்ஃபைண்டர் என்னும் விளையாட்டில் 2010ஆம் ஆண்டு கவலியர் என்ற குதிரை வீரன் வந்தான். அவன் அழைத்த எதிரிக்கு அவன் கொடுக்கும் அடியில் அவனுடைய நிலை எண்ணும் கூடும். ஆனால், அந்த எதிரியைத் தவிர மற்ற எல்லாருக்கும் எதிராக அவன் கவச எண்ணில் 2 குறையும். ஒருவன்மேல் கண் வைத்தவனுக்கு மற்றப் பக்கம் காவல் குறைகிறது. இது பிறரைக் காக்கும் அறைகூவலைவிட, இருவர் மோதும் தனிப்போருக்கான அறைகூவல் எனலாம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, எல்லா வீரர்க்கும் உரிய முத்திரையைக் கைவிட்டது. அதற்குப் பதில், பாலடினுக்குக் கட்டாயத் தனிப்போர் என்று பொருள்படும் ஒரு மந்திரம் தரப்பட்டது. மன உறுதிச் சோதனையில் தோற்ற எதிரி, பாலடினைத் தவிர வேறு யாரையும் தாக்கும்போது இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். நம் பூதத்தின் கணக்கில் 65 விழுக்காடு வாய்ப்பு 42 விழுக்காடாகிவிடும். முத்திரை தந்த 55ஐவிட இது வலிய காவல். ஆயினும், பாலடின் வேறோர் எதிரியைத் தாக்கினால் மந்திரம் முடியும். 30 அடிக்கு அப்பால் தன் முறையை முடித்தாலும் முடியும். அவன் தோழர்கள் அந்த எதிரியைக் காயப்படுத்தினாலும் முடியும்.

2017இல் ஒரு துணைநூலின் வழியாக வீரனின் முத்திரை மீண்டும் வந்தது. அங்கும் ஐந்து அடிக்குள், அதாவது அடுத்த கட்டத்தில் இருக்கும் எதிரிக்குத்தான் அந்தச் சுமை.

பதிப்புகள் மாறின, எண்கள் மாறின. ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த அறைகூவலும் எதிரியை மட்டும் கட்டுவதாக எழுதப்படவில்லை. விட்டவனையும் ஏதோ ஒரு வகையில் அது கட்டுகிறது: பக்கத்தில் நில், அவனையே தாக்கு, நெறி தவறாதே, மற்றப் பக்கம் உன் காவல் குறையும். புதிய விளையாட்டு எதையேனும் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எதிரிக்கு என்ன விலை? எதிரிக்கு என்ன தேர்வு மிஞ்சுகிறது? விட்டவனுக்கு என்ன கடமை? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத திறன், பெரும்பாலும் மேசையில் சலிப்பையே தரும்.

தமிழில் பெயர் தேடியபோது

நாங்கள் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் ஆடினோம். ஒருநாள் அக்கா, “எல்லாத்துக்கும் தமிழ்ப் பேர் வைப்போமா?” என்று கேட்டார். ‘முத்திரை’, ‘கவச எண்’, ‘அறைகூவல்’ எல்லாம் அப்போது வந்தவை. முன்னே நின்று காக்கும் வீரனுக்குச் சொல் தேடியபோது தொல்காப்பியப் புறத்திணையியல் உதவியது. தும்பைத் திணையின் துறைகளில் தார்நிலை என்று ஒன்று உண்டு. தன் வேந்தனைப் பகைவர் சூழ்ந்துகொண்டபோது, ஒருவன் விரைந்து திரும்பி வந்து அவர்களைத் தாக்குவது அது. எருமை என்று இன்னொன்று. படை உடைந்து பின்வாங்கும்போது பின்னணியைத் தாங்கி நிற்பவனைக் குறிப்பது.

இவ்விளையாட்டுக்கும் தொல்காப்பியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் தேடியவர்கள் நாங்கள்தாம். ஆயினும், நான் செய்யத் தவறியதற்கு நம் மொழியில் ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நான் கோப்ளினைத் துரத்திக்கொண்டு போனவன். தார்நிலை வீரனோ திரும்பி வந்தவன்.

முடிவாக

என் நண்பன் திரும்பி வந்தான். புதிய மந்திரவாதியோடுதான் வந்தான். அன்றைய ஆட்டம் தொடங்கும் முன், நான் மேசையில் இருந்த சிவப்பு மூடியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். “நான் பக்கத்துல இருந்தா மட்டும் இத வை. இல்லன்னா எடுத்துடு” என்றேன். அதன் பிறகு என் முத்திரையை வைப்பதும் எடுப்பதும் அவன் வேலையாயிற்று. நான் ஒரு கட்டம் விலகினாலும் அவன் கை மூடியின் பக்கம் நீளும். நான் திரும்பி வந்துவிடுவேன்.

அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தில் ஒரு குறுகிய பாலத்தில் நான் நின்றேன். குழு பின்வாங்கியது. என்னால் ஒரு சுற்றுக்கு ஒருவனைத்தான் தடுக்க முடியும், எதிரே மூவர். விழுந்துவிடுவேன் என்பது கணக்கிலேயே தெரிந்தது. என் நண்பன் என்னைப் பார்த்து, “மூடி இருக்கட்டுமா?” என்று கேட்டான். “இருக்கட்டும்” என்றேன். வீரன் அன்று இறந்தான். மந்திரவாதி பாலத்தைக் கடந்துவிட்டான்.

பிற்பாடு வேலையிலும் வீட்டிலும் “நான் பார்த்துக்கிறேன்” என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மூடி நினைவுக்கு வரும். அப்படிச் சொல்வதும் ஒருவகை அறைகூவல்தான். அதை நம்பி ஒருவர் ஓடாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

இளைய உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதித் தொகுப்பு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம். கழகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்தால், ஒரு விடுமுறையில் தமிழ்க் கலைச்சொல் பட்டியல் ஒன்றையாவது உருவாக்கிவிடலாம். மேசையும் பகடையும் போதும். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகும் முதலாமாண்டு மாணவர் எவரையேனும் கண்டால், அவரையும் மறக்காமல் அழையுங்கள். அழைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.